கரும் ஊதாப் பட்டை

பிப்ரவரி 6

என் ஆசை மருமகள் மின்னலுக்கு,

இங்கே யாவரும் நலம் என்று ஆரம்பிப்பது ஊரில் எல்லோரும் செய்வது. உன் மாமாவால் அப்படி எழுத முடியுமா? நலம் என்ற சொல்லே எனக்கு இப்போது இறுக்கமாக இருக்கிறது. கால்சட்டை மட்டும்தான் தொளதொளவென்று இருக்கிறது. ஏன் என்று கேள்.

ஐந்து வாரமாக நான் சோற்றைத் தொடவில்லை. ரொட்டி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, சர்க்கரை இல்லை, பழம்கூட இல்லை. வெண்ணெய், முட்டை, கொழுப்போடு இறைச்சி, இவ்வளவுதான். காலைத் தேநீரில் ஒரு கரண்டி வெண்ணெய் போட்டுக் குடிக்கிறேன். முதல் நாள் குமட்டியது. இப்போது அமிர்தம். நேற்று ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள், நான் வேலை பார்க்கிற எடைமேடையில் நானே ஏறி நின்றேன். டிசம்பரில் நூறு காட்டிய மேடை நேற்று எண்பது காட்டியது. இருபது கிலோ, மின்னல். நாற்பது டன் லாரியை நிறுக்கிற மேடை என்னைப் பற்றி மட்டும் பொய் சொல்லுமா? வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். ஒருவர் கண் கலங்கிவிட்டார்.

இந்த முறையை எனக்குச் சொன்னவர் தெருக்கோடி வைத்தியர் இல்லை. பெரிய டாக்டர். நாலு நாட்டு எல்லை தாண்டிப் போய் வந்தவர்.

உன் அம்மாவும் நான்கு நாளாக என்னோடு சேர்ந்துவிட்டாள். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டாள். "ஏன்ணா, உனக்கு இவ்வளவு குறையுதுன்னா எனக்கு இந்தச் சர்க்கரையும் குறையுமா? பன்னெண்டு வருஷமா காலையும் சாயங்காலமும் குத்திக்கிட்டு வயித்துல இடமே இல்ல." எனக்குத் தாங்கவில்லை. "ஆறு மாசத்துல ஊசியைத் தூக்கிக் குப்பையில போட வைக்கிறேன் பாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மருந்துக் கடையிலிருந்து ஒரு டப்பா பட்டை வாங்கி வந்திருக்கிறேன். காகிதக் கீற்று மாதிரி இருக்கும். காலையில் சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்றால் ஊதா. எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு வெற்றி. தினமும் காயவைத்து நாட்காட்டியில் அந்தந்தத் தேதிக்கு மேல் ஒட்டுகிறோம். மேல் வரிசை நான், கீழ் வரிசை அவள். போட்டி ஆரம்பித்தாயிற்று.

மலையையே குடைகிற உங்கள் கம்பெனிக்கு ஒரு போன் கோபுரம் நட வக்கில்லை. அதனால் என் கையெழுத்தைச் சகித்துக்கொள். உன் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து ஓடுகிறதாம். தையல் மட்டும் கைப்பழக்கத்தில் நடக்கிறது.

இளைத்தும் சிங்கமாக இருக்கும்,
உன் மாமா


பிப்ரவரி 19

மாமாவுக்கு,

கடிதம் நேற்றைய தபால் வண்டியில் வந்தது. முகாமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பாறை உடைக்கிற ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு விஷயம். உங்கள் எடைமேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். எங்கள் தளத்திலும் அதே மேடைதான், அதற்கு மின் இணைப்புக் கொடுத்ததே நான். தொண்ணூறுக்கு ஒரு துளி மேலே இருந்தால் நூறு காட்டும், ஒரு துளி கீழே இருந்தால் எண்பது காட்டும். நீங்கள் இளைத்தது வெறும் ஒரு கிலோவாக இருக்கலாம். ஒரு வேளை அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருக்கலாம்.

நீங்கள் எதை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இல்லை. அம்மாவுக்கு உண்டு. அவள் ஊசியில் கை வைக்காதீர்கள். அந்த டாக்டர் யார்? பெயர் என்ன? எந்த ஆஸ்பத்திரி? அம்மாவை நேரில் பார்த்தாரா?

இன்னொன்று. ஏப்ரல் முதல் வாரத்தில் எனக்கு விடுமுறை முறை வருகிறது. வேண்டுமா வேண்டாமா என்று மார்ச் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும். விட்டால் ஜூன்தான். அதே ஏப்ரலில்தான் இரண்டு பக்கமிருந்து குடைந்து வருகிற சுரங்கம் நடுவில் சந்திக்கப்போகிறது. மூன்று வருட வேலை. நான் பக்கத்தில் நின்று பார்க்க ஆசை. ஆனால் அம்மாவுக்கு ஒரு சின்னக் குறை என்றாலும் கிளம்பி வந்துவிடுவேன். அதனால் கதை கட்டாமல் எழுதுங்கள்.

மின்னல்


மார்ச் 2

என் செல்லச் சிடுசிடுப்புக்கு,

மாமாவை எடைமேடையிலிருந்து இறக்கிவிட்டாய். சரி. எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் ஊன்றிப் படித்தவன் நான். இருபது இருபதாக எண்ணுவது எனக்குத் தெரியாதா? உன்னைச் சோதிக்கத்தான் எழுதினேன். தேறிவிட்டாய்.

டாக்டர் பெயர் கேட்டாய். பெரிய மனிதர்கள் பெயரைக் கடிதத்தில் எழுதக் கூடாது. எடைமேடைக்கு வந்தபோது என்னோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவ்வளவு எளிமை. "உங்க தங்கச்சிக்கும் இது பொருந்தும்" என்று அவர் வாயால் சொன்னார்.

உன் அம்மா பிரமாதம். முதல் இரண்டு வாரம் தலைவலி, கெண்டைக்கால் இழுப்பு, வயிறு இறங்காமல் நாலு நாள். இதெல்லாம் உடம்புக்குள் இருக்கிற விஷம் மூட்டை கட்டிக் கிளம்புகிற சத்தம். எனக்கும் இருந்தது. நான் சொல்லிக்கொள்ளவில்லை. சீப்பில் கொஞ்சம் முடி வருகிறது என்கிறாள். பழைய முடி போனால்தானே புது முடிக்கு இடம்.

ஊசியைப் பற்றிக் கத்தாதே. நான் கை வைக்கவில்லை. ஒரு நாள் வழக்கமான அளவு போட்டுக்கொண்டு வெண்ணெய் மட்டும் சாப்பிட்டதில் கை நடுங்கி வியர்த்துவிட்டது. சர்க்கரை கீழே இறங்கிவிட்டதாம். அப்புறம் அவளே பாதியாகக் குறைத்துக்கொண்டாள். கணக்கு நேராகத்தானே இருக்கிறது? சோறு இல்லை என்றால் சர்க்கரை எங்கிருந்து வரும்? சர்க்கரை வராவிட்டால் ஊசிக்கு என்ன வேலை?

போட்டியில்தான் எனக்குத் தோல்வி. என் பட்டை வெளுத்த கத்திரிப்பூ நிறம். அவளுடையது நல்ல ஊதா. "அண்ணா, நீ எங்கயோ திருட்டுத்தனமா திங்கிற" என்று வம்புக்கு இழுக்கிறாள். நான் கோபித்துக்கொண்டு வெண்ணெயைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டு அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "பாப்பா, நான் நல்லா இருக்கேன். மாமா உயிரை வாங்குறாரு. சீருடைத் துணி நூத்திருபது செட்டு வந்திருக்கு, அதான் அசதி. நீ வந்தா அன்னைக்கு ஒரு நாள் மட்டும் உன்கூட உக்காந்து சோறு சாப்பிடலாமான்னு கேட்டேன். மாமா முறைக்கிறாரு."

முறைக்காமல் என்ன செய்வது? ஒரு நாள் சோறு தின்றால் பட்டை வெளுத்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் நீ ஏப்ரலில் வர வேண்டாம். சுரங்கம் திறப்பதைப் பார். ஜூனில் வா. வாசலில் ஒரு இளம்பெண் நிற்பாள், யாரென்று கேட்பாய், உன் அம்மா என்பேன்.

இதில் ஒரு எழுத்துகூடக் கட்டுக்கதை இல்லை.

உன் மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

என் விடுமுறை முறையைப் பாரந்தூக்கி ஓட்டுகிற அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் தங்கைக்குக் கல்யாணம். கையெழுத்துப் போட்ட பிறகு உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். ஊசி பாதியான வரியை மறுபடி மறுபடி படித்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. நீங்கள் வர வேண்டாம் என்றது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்று காரியம் செய்யுங்கள். அம்மாவை வழக்கமான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள். ஊசி அளவை அவர்களிடம் கேளுங்கள், பட்டையிடம் கேட்க வேண்டாம். வீட்டில் இருக்கிற கருவியில் விரலைக் குத்திப் பார்த்து ஒரு வாரத்துக்கான எண்களை எனக்கு எழுதுங்கள். எண் மட்டும் போதும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஜூனில் வந்ததும் நான் வடித்துத் தருகிறேன், யார் முறைத்தாலும்.

மின்னல்


மார்ச் 30

மருமகளே,

எண் கேட்டாய். நூற்றிப் பத்து, நூற்றி எட்டு, நூற்றிப் பன்னிரண்டு. அப்படியே அந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. கருவிக்குப் புது பேட்டரி போட வேண்டும், போட்டதும் மீதியை எழுதுகிறேன்.

உன் அம்மா நன்றாக ஓய்வெடுக்கிறாள். பிறந்ததிலிருந்து இவள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. இப்போது சாப்பிட்டதும் படுக்கிறாள், எழுந்ததும் படுக்கிறாள். ராணி மாதிரி. சீருடைத் துணியை இன்னொரு தையல்காரரிடம் கொடுத்துவிட்டோம். தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறாள். கொழுப்பு எரிகிற இடத்தில் தண்ணீர் தேவைப்படாதா?

ஒரு அதிசயம் சொல்கிறேன். அவள் மூச்சில் ஒரு வாசனை வருகிறது. பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி, கனிந்து போன பழ வாசனை. பழம் வாயில் வைத்து இரண்டு மாதம் ஆகிறது, எங்கிருந்து வருகிறது? கொழுப்பு கரைந்து மூச்சு வழியாகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். எனக்கு அது வரவே இல்லை. பொறாமையாக இருக்கிறது.

நேற்றும் இன்றும் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பித்தம். "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவமா" என்றாள். நான் நாட்காட்டியைக் காட்டினேன். கீழ் வரிசை முழுக்கக் கரும் ஊதா. டப்பாவில் போட்டிருக்கிற நிறங்களில் அதற்கு மேல் நிறமே கிடையாது. "நீ ஜெயிச்சுட்ட, பயப்படுறியே" என்றேன். சிரித்தாள்.

ஊசியைப் பத்து நாளாக நிறுத்தியாயிற்று. ஆறு மாதம் என்றேன், ஏழு வாரத்தில் முடித்துக் காட்டினேன். உன் மாமா சொன்னதைச் செய்வான்.

கவலை வேண்டாம்.

மாமா


ஏப்ரல் 7

அன்பு மருமகளுக்கு,

உங்கள் கம்பெனித் தலைமை அலுவலகத்தில் சொல்லி உனக்கு வானொலியில் செய்தி அனுப்பச் சொன்னேன். மழையில் உங்கள் மலைப்பாதை சரிந்துவிட்டது, வானொலிக் கம்பமும் விழுந்துவிட்டது என்றார்கள். ஏதோ ஒரு வழியில் சேதி உனக்கு முன்பே வந்திருக்கும். வராவிட்டால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

அம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள். ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை பத்து மணி. ஆஸ்பத்திரியில் ராஜமரியாதையோடு பார்த்தார்கள். நாலு டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். தலைமை டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த அம்மா மாதிரி மனத்திடம் உள்ளவரை நான் பார்த்ததே இல்லை என்றார். கஷ்டப்படவில்லை. தூங்குகிற மாதிரிப் போனாள். கடைசி நிமிஷத்தில் கண்ணைத் திறந்து உன் பெயரை மூன்று முறை சொன்னாள். "பாப்பாவை நல்லா பாத்துக்கண்ணா, அவ வேலை முடியட்டும், அவசரப்படுத்தாத" என்றாள். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் வைத்திருந்தோம். இன்று காலை நானே எல்லாம் முடித்தேன். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். அவள் தைத்த சீருடை போட்ட பிள்ளைகளே ஒரு தெரு நிறைய.

சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


ஏப்ரல் 8

மாமா,

பாதை மூன்றாம் தேதியே சரிந்துவிட்டது. நேற்று நாலு பேர் மலையேறித் தபால் பையைத் தோளில் கொண்டுவந்தார்கள். அதில்தான் உங்கள் மார்ச் முப்பதாம் தேதிக் கடிதம்.

முதலுதவி பார்க்கிறவரிடம் காட்டினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பழ வாசனை, வாந்தி, தாகம், படுத்தே கிடப்பது, ஊசி நிறுத்தியது, ஐந்தையும் விரல் விட்டு எண்ணினார். கொழுப்பு எரிந்து வருகிற அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்றார். மற்றவர்களுக்கு ஓரளவோடு நிற்கும், ஊசியை நம்பி வாழ்கிறவர்கள் அதை நிறுத்தினால் நிற்காது, பட்டை கருக்கக் கருக்க அது ஆபத்து என்றார். நீங்கள் அதை நாட்காட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற நிமிஷம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். செருப்பு மாட்டக்கூட நிற்காதீர்கள். ஊசி எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் மாமா.

அந்த நாலு பேரும் இப்போது திரும்பி இறங்குகிறார்கள். கூட வர அனுமதி கேட்டேன். மழை விடவில்லை, பொறுப்பேற்க முடியாது என்று மேலாளர் மறுத்துவிட்டார். கடிதமாவது போகட்டும் என்று கையில் திணிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பாதை திறந்த அன்றைக்கே கிளம்புகிறேன். ஜூன் வரை இல்லை.

மின்னல்


ஏப்ரல் 24

மாமா,

வானொலிச் செய்தி பத்தாம் தேதி வந்தது. உங்கள் கடிதம் இருபதாம் தேதி வந்தது. பாதை திறந்துவிட்டது. நான் கிளம்பவில்லை. வந்து யாரைப் பார்ப்பது?

சுரங்கம் பதினேழாம் தேதி சந்தித்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் ஓட்டை வழியாகக் கை நீட்டினார்கள், எல்லோரும் பிடித்துக் குலுக்கினார்கள். விளக்கு என் பொறுப்பு, அதனால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்களைத் திட்ட வேண்டும் என்று நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நடுவில் என் பெயரும் வந்துவிடுகிறது. ஊசியைப் பாதியாக்கியதை மார்ச்சிலேயே எழுதியிருந்தீர்கள். எனக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு விடுமுறையை எழுதிக் கொடுத்தவள் நான்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஒரே ஒன்று மட்டும் எழுதுங்கள். அம்மாவின் கடைசி நாள், நடந்தது நடந்தபடி. சேர்க்காமல். என் பெயரை மூன்று முறை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே படுத்தால் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது நிஜமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மின்னல்


மே 15

மின்னலுக்கு,

ஒன்பது நாளாக எழுதி எழுதி அடித்தேன். சேர்க்காமல் எழுத எனக்கு வரவில்லை. இது வந்தவரை.

டாக்டர் கிடையாது. அது ஒரு லாரி ஓட்டுநர். உர மூட்டை ஏற்றி வந்தவர். தான் இளைத்ததைச் சொன்னார். உன் அம்மாவைப் பற்றி அவரிடம் நான் பேசவே இல்லை.

நான் அந்த முறையைப் பதினெட்டு நாள்தான் ஒழுங்காகச் செய்தேன். அதற்கப்புறம் எடைமேடைக்கு எதிர்க் கடையில் தினமும் மத்தியானம் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றேன். அதனால்தான் என் பட்டை வெளுப்பு. வீட்டில் வெண்ணெய் தின்றேன். அவள் ஒருத்திதான் ஒரு நாள் விடாமல் செய்தாள். நான் சொன்னதால் செய்தாள்.

ஊசியை நிறுத்தச் சொன்னது நான். அவளாகக் குறைக்கவில்லை. எண்களும் நான் போட்டது. கருவியை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஏப்ரல் நாலாம் தேதி சாயங்காலம் வாந்தி நிற்கவில்லை. மூச்சு பெரிது பெரிதாக வாங்கினாள். எடைமேடைக்கு வந்த ஒரு வண்டியைக் கூட்டிவந்து ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் ஒரே டாக்டர், சின்ன வயசுப் பெண். "ஊசி எத்தனை நாளா போடல?" என்று கேட்டாள். நான் ரெண்டு நாள் என்றேன். பதினைந்து நாள். பக்கத்தில் படுத்திருந்த உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவளும் மாற்றிச் சொல்லவில்லை. அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்படியா, பேச முடியவில்லையா, எனக்குத் தெரியாது. ரத்தம் பார்த்துவிட்டு அந்தப் பெண் திரும்பி வந்து என்னிடம் சத்தம் போட்டாள். நியாயம்தான். "சோத்தைக் குறைச்சது மட்டும் இல்ல, ஊசியை நிறுத்தினதுதான் ரத்தத்தை இப்படிக் கெடுத்திருக்கு" என்றாள். என் கையை யாரும் பிடிக்கவில்லை.

காலையில் நினைவு வந்து வந்து போனது. எட்டு மணி இருக்கும், "தண்ணி" என்றாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். "இன்னும்" என்றாள். கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். பத்து மணிக்கு அது நின்றது. நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். திரும்பியபோது முடிந்திருந்தது. சிரிப்பு இல்லை. வாய் திறந்திருந்தது. நான்தான் மூடினேன்.

அடக்கத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள்.

உன் பெயரைச் சொல்லவில்லை. தண்ணீர்தான் கேட்டாள்.

மாமா